காயில்காரர் தைத்த செங்காந்தள்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ‘ஜோதி மோட்டார் வைண்டிங்’ என்று ஒரு பலகை தொங்கும். அதற்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் தயாளனை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. போர் மோட்டார் புகைந்துபோனால் அவரிடம்தான் வந்தாக வேண்டும். லாரித் தண்ணீரும் வராத நாளில் அபார்ட்மெண்ட் செயலாளர்களுக்குக்கூட அவரிடம் பேசும்போது குரலில் ஒரு பணிவு தானாக வந்துவிடும். எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். முப்பத்தாறு வருஷமாக இதுதான் தொழில். கம்பிச் சுருளுக்குத் தொழிலில் காயில் என்று பேர்; காயில்காரர் என்றால் ஊருக்கே புரியும்.

இப்படிப்பட்ட மனிதர் அறுபத்தொரு வயதில் கையில் எம்பிராய்டரி வளையத்தைப் பிடித்துக்கொண்டு பூ தைக்க உட்கார்ந்தால் ஊர் சும்மா விடுமா? முதலில் பார்த்தவன் பக்கத்துக் கடை டூவீலர் மெக்கானிக் வெற்றிவேல்.

“இன்னாண்ணா, பூ பின்னிகினு கீற? எதுனா லேடீஸ் டெய்லர் கடை வைக்கப் போறியா?”

“உன் வேலையப் பார்த்துகினு போடா.”

“ஒரு பிளவுஸ் தைக்கணும்ணா. வூட்ல சொல்லிகினே கீது.”

தயாளன் ஊசியில் நூலைக் கோத்தார். யாருக்காகத் தைக்கிறார் என்பது வெற்றிவேலுக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் கிண்டல் செய்யவில்லை. தயாளன் தைக்கும் நேரமான மதியம் இரண்டிலிருந்து நாலு வரை இந்தப் பக்கம் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல், வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய் முக்கில் வைத்து ஸ்டார்ட் பண்ணினான்.

தயாளன் தைத்தது மனைவிக்காக. பலகையில் இருக்கும் ஜோதி அவள்தான். முழுப்பெயர் ஞானஜோதி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கலர் சாக்பீஸால் கரும்பலகையில் செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றத்தை ஒரே மூச்சில் வரைந்துவிடுவாள் என்று அவளிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மார்க் விஷயத்தில் மட்டும் கஞ்சம். பட்டாணிக் காயை அப்படியே அச்சில் வார்த்தது போல வரைந்து வைத்தாலும் பத்துக்கு ஒன்பதுதான். கேட்டால், “பத்து போட்டுட்டா அப்புறம் அந்தப் பிள்ளை எதைக் கத்துக்கும்?” என்பாள்.

அவளுக்குச் சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த வியாதிக்கு இவ்வளவு இனிப்பான பேரை வைத்தவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் முடிச்சூர் முழுவதும் தண்ணீரில் மிதந்தது. வெள்ளம் வடிந்ததும் முழுகிப்போன மோட்டார்கள் எல்லாம் தயாளன் கடை வாசலில் வந்து இறங்கின. நாலு மாதம் அவர் தலை நிமிரவில்லை. அந்த நாட்களில்தான் ஒருநாள் ஞானஜோதி, “கண்ணுக்கு முன்னால கொசு பறக்கிற மாதிரியே இருக்குதுங்க” என்றாள். “வெள்ளத்துக்கு அப்புறம் ஊரெல்லாம் கொசுதான் ஜோதி” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார். அது கொசு இல்லை, கண்ணுக்குள் கசிந்த ரத்தம் என்று டாக்டர் சொன்னபோது இரண்டு வருஷம் ஓடியிருந்தது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள். கரும்பலகையில் தான் எழுதியது தனக்கே தெரியாமல் போனதும் அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் கொசுப் பேச்சைத் தயாளன் யாரிடமும் சொன்னதில்லை. மேடவாக்கத்தில் குடியிருக்கும் மகள் ஹெப்சிக்கும் தெரியாது. ஞானஜோதிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தையல் வந்த கதை கண் ஆஸ்பத்திரியில்தான் ஆரம்பித்தது. கண்ணில் மருந்து விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிடுவார்களே, அந்தக் கூடத்தில். பக்கத்து நாற்காலியில் பெருங்களத்தூர்ப் பெண் ஒருத்தி, நித்யஸ்ரீ என்று பெயர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள், மடியில் வளையத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் துழாவிய ஞானஜோதியின் கை தவறிப்போய் அந்த வளையத்தின் மேல் விழுந்தது. கையை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு மெதுவாக நகர்ந்தன.

“அஞ்சு இதழ்… நடுவுல நீளமா ஒரு குழாய், மேல குட்டிக் குட்டியா மகரந்தப்பை… செம்பருத்தி! செம்பருத்திதானேம்மா?”

“ஆமா ஆன்ட்டி!” என்றாள் அந்தப் பெண் ஆச்சரியமாக.

ஞானஜோதி சிரித்தாள். கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. தயாளன் அந்த வளையத்தின் பக்கம் குனிந்தார்.

“இதுக்குப் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“ஸ்டம்ப்வொர்க் அங்கிள். யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிட்டேன். சும்மா ஹாபிதான். இதழைத் தனியா ஒரு துணியில தைச்சு, வெட்டி எடுத்து, மெயின் துணியில நட்டு வைக்கணும். அப்பதான் இப்படி எழும்பி நிக்கும். ஓரத்துல கம்பி இருக்கு பாருங்க.”

தயாளன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மயிரிழைக் கம்பி. அதைச் சுற்றி நெருக்கமாக நூல். அவர் முப்பத்தாறு வருஷமாகச் செய்துவருவதும் கிட்டத்தட்ட இதுதான்.

“இந்தக் கம்பிதான் அங்கிள் இங்க கிடைக்கறதில்ல. ஆன்லைன்ல வரவழைக்கணும்.”

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் மெல்லிய செம்புக் கம்பி ஒரு உருண்டை முழுவதையும் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். அவள் பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் தாங்கும். பதிலுக்கு அவள், ஓரத்தைச் சுற்றி நெருக்கிப் போடும் பட்டன்ஹோல் தையல் சொல்லிக்கொடுத்தாள். நாலு மாதத்து ஆஸ்பத்திரிக் காத்திருப்பில் நாலு பாடம். மீதியை மொபைலில் ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் கற்றுக்கொண்டார். அந்தம்மா பேசும் இங்கிலீஷ் புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்ப்பார். வீட்டில் இதற்கு ஒரு தமிழ்ப் பேரும் கிடைத்தது. “புடைப்புச் சிற்பம்னு சொல்றோமில்ல, அது மாதிரி புடைப்புத் தையல்னு வெச்சுக்கோங்க” என்றாள் ஞானஜோதி.

முதல் பூ ஒரு நந்தியாவட்டை. இதழை வெட்டி எடுக்கும்போது கத்தரி கொஞ்சம் உள்ளே போய் ஓரத்துத் தையலையும் வெட்டிவிட்டது. நூல் பிரிந்து துடைப்பம் மாதிரி ஆனது. மறுபடி தைத்தார், மறுபடி பிரிந்தது. பிரிகிற நூலுக்குத் தொழிலில் என்ன வைத்தியமோ அதையே செய்தார் மனிதர்: வார்னிஷில் முக்கி, காயிலைக் காயவைக்கிற பெட்டியில் வைத்து எடுத்துவிட்டார். வெள்ளை நந்தியாவட்டை பழுப்பு நிறத்தில் மொறுமொறுவென்று வெளியே வந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய், மடியில் வைத்து, பெருமையாக உட்கார்ந்தார்.

ஞானஜோதி தொட்டுப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

“என்னங்க, இது பூவா பக்கோடாவா?”

“எவ்ளோ மார்க், டீச்சர்?”

“ரெண்டு. அதுவும் உக்காந்து செஞ்சதுக்காக.”

அந்த ரெண்டு மார்க்கை அவர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தைப்பது அவளுக்காக என்று ஆரம்பித்தாலும், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்த வேலையின் ருசி அவரைப் பிடித்துக்கொண்டது. கம்பளம் மாதிரி தடித்த ஃபெல்ட் துணியைச் சின்னது, அதைவிடக் கொஞ்சம் பெரியது, அதற்கும் பெரியது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து மேடு கட்ட வேண்டும். அதன்மேல் பட்டு நூலை நெருக்கி ஓட்ட வேண்டும். இதழின் கோட்டில் கம்பியைப் பதித்து, அதை விடாமல் சுற்றித் தைக்க வேண்டும். எல்லாம் முடிந்து, வளைந்த நுனிக் கத்தரியால் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்து, விரலால் ஒரு நிமிர்த்து நிமிர்த்தினால் துணி இதழாகி நின்றுவிடும். முதல் தடவை அப்படி நின்றபோது தயாளன் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டு ஃபேன்ஸி ஸ்டோரில், வளையல் வாங்க வந்த பெண்களுக்கு நடுவில் நின்று, பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று வாதாடும் அளவுக்கு முன்னேறிவிட்டார். பார்க்க முடியாதவளுக்கு எந்தப் பச்சையாக இருந்தால் என்ன என்று ஹெப்சிகூட ஒருமுறை கேட்டுவிட்டாள். “அவ கேப்பா. நான் பொய் சொல்ல முடியாது” என்றார்.

நிஜமாகவே கேட்பாள். அவரைக்காயைத் தொட்டுவிட்டு, “காம்பு கிட்ட வெளிறின பச்சை போட்டீங்களா?” என்பாள். காயைப் பிளந்தாற்போல் வைத்து உள்ளே மணி கோத்திருந்ததற்கு ஆறு மார்க். “விதை எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கு. ஓரத்து விதை சின்னதா இருக்கும், தெரியாதா?” மிளகாய்க்கு ஏழு. தும்பைப் பூவுக்கு ஏழரை, கீழுதடு போதாதாம். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் இதழை எண்ணி, கட்டை விரலால் மேட்டை அளந்து, பள்ளிக்கூட நோட்டைத் திருத்துவது போலத் திருத்துவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முழுப் பார்வையும் திரும்பி வந்துவிட்டது போல இருக்கும். தயாளனுக்கு அது போதும். கண்ணைக் கொண்டுபோன கடவுள் விரலை விட்டுவைத்திருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்வார்.

சர்க்கரை டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போன வருஷம் பிப்ரவரியில் போனபோது டாக்டர் ஒரு குச்சியில் பொருத்திய நைலான் நூலை எடுத்தார். ஞானஜோதியின் காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொல்லி, “நான் பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்கம்மா” என்றார். நூலின் நுனியை உள்ளங்காலில் வைத்து, நூல் வளைகிற வரைக்கும் அழுத்தினார். பத்து இடத்தில் அழுத்தினார். தயாளன் எண்ணிக்கொண்டே நின்றார். மூன்று இடத்தில்தான் அவள் ‘ம்’ என்றாள். எட்டாவது இடத்தில் நூல் நன்றாக வளைந்து நிற்கும்போது, “இன்னும் தொடலியா டாக்டர்?” என்று கேட்டாள்.

தயாளன் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“நரம்பு பாதிச்சிருக்கு. வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுக்கணும். காயம் பட்டாத் தெரியாது, நீங்கதான் தினமும் பார்க்கணும்” என்றார் டாக்டர்.

“கைக்கும் வருமா சார்?” என்று கேட்டார் தயாளன்.

“வரலாம், வராமலும் இருக்கலாம். சுகரைக் கட்டுப்பாட்டுல வைங்க. போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்.”

“கை நல்லா இருக்கு டாக்டர்” என்றாள் ஞானஜோதி உடனே. “கைதான் எனக்குக் கண்ணு இப்போ.”

திரும்பி வரும் ஆட்டோவில் தயாளன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மோட்டாரில் காயில் எரிந்தால் மொத்தத்தையும் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம். எத்தனை தரம் எரிந்தாலும் கட்டலாம். இதற்கு அவரிடம் ஒரு வழியும் இல்லை. அவரால் ஆனது ஒன்றே ஒன்றுதான்: அந்த விரல்களில் உயிர் இருக்கும்போதே, எத்தனை பூவைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமோ அத்தனையையும் காட்டிவிடுவது.

அன்றிலிருந்து பேய் பிடித்தவர் மாதிரி தைத்தார். பாகற்பூ, எருக்கம்பூ, கொன்றை. கை நன்றாகப் பழகிவிட்டது. இதழின் நரம்பைக்கூட ஒற்றை நூலில் எழுப்பினார். மார்க்கும் ஏறியது. எட்டு, எட்டரை, ஒன்பது. இந்த ஜனவரியில் ஒரு தட்டான் செய்தார். நாலு இறக்கைக்கும் கம்பியில் சட்டம் கட்டி, நடுவில் வலை பின்னி, கண்ணுக்கு இரண்டு மணி வைத்திருந்தார். ஞானஜோதி தொட்டுத் தடவிவிட்டு, “பத்து” என்றாள்.

“இன்னா சொன்ன?”

“பத்துக்குப் பத்துங்க. இறக்கை அப்படியே இருக்கு.”

தயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் விழாத மார்க். ஹெப்சிக்கு ஃபோன் போட்டார். “அம்மாவா? பத்தா? சாமியே வந்து வரைஞ்சாலும் ஒம்பதரைதானப்பா போடுவாங்க!” என்றாள் அவள். வெற்றிவேலுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். “நீ பாஸாய்ட்ட, ட்ரீட் எனக்கா? சூப்பர்ணா” என்று அவன் இன்னொரு போண்டாவையும் எடுத்துக்கொண்டான்.

அதற்கடுத்த நாலு சின்ன வேலைக்கும் பத்துதான்.

வீட்டில் சில விஷயங்கள் மாறியிருந்தன. முருங்கைக்கீரை ஆய்வது அவள் வேலை. ஒரு காம்புகூட விடாமல் ஆய்ந்துவிடுவாள். இப்போது, “போரடிக்குதுங்க, கடையில ஆய்ஞ்சதே வாங்கிடுங்க” என்றாள். ஹூக் வைத்த ஜாக்கெட்டை விட்டுவிட்டு நைட்டியிலேயே இருந்தாள். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். பத்து மார்க் வாங்கிய மனிதர் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. வயசாகிறது, சோம்பல், உழைத்தது போதும் என்று நினைக்கிறாள், இருக்கட்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு சமாதானம் கட்டிக்கொண்டார். பூக்களை இப்போது அவள் மூன்று நாள் வைத்திருப்பதில்லை. தொட்ட உடனே மார்க் போட்டுவிடுகிறாள். நம்முடைய வேலை அவ்வளவு தெளிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆசை இருக்கிற இடத்தில் புத்தி வேலைக்கு லீவு போட்டுவிடும் போல.

பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று செங்காந்தளை எடுத்தது பிப்ரவரியில். அவளிடமே பாடம் கேட்டார். ஞானஜோதிக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆறு இதழ். ஓரமெல்லாம் அலை அலையா இருக்கும். கீழ மஞ்சள், மேல சிவப்பு. எல்லாம் மேல் பக்கமா வளைஞ்சு நெருப்பு எரியற மாதிரி நிக்கும். மகரந்தத்தாள் ஆறும் பக்கவாட்டுல விரிஞ்சிருக்கும். சூல்தண்டு அடியிலயே மடங்கித் திரும்பியிருக்கும், அதை மறந்தீங்க, ரெண்டு மார்க் போச்சு. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியா மாறும். அதைப் புடிச்சுகிட்டுத்தான் கொடி ஏறும்.”

ஐந்து மாதம் ஆனது. அலை அலையான ஓரத்துக்குக் கம்பியை ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றி வளைத்தார். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏழு நூல் மாற்றினார். வெள்ளைத் துணியில் கொடி ஏறி, ஒரு பக்கம் மொட்டு, நடுவில் பூ. வலப்பக்கக் கடைசி இலைக்கு மட்டும் பற்றுக்கம்பி பாக்கி. அதையும் முடித்துவிட்டுத்தான் காட்டுவது என்றிருந்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஹாலில் மின்விசிறிக்கு அடியில் தையலோடு உட்கார்ந்தார். ஒரு இதழ் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைச் சரியான கோணத்தில் நிறுத்த, அடியில் ஃபெல்ட்டில் ஒரு ஊசியைப் பின்பக்கமிருந்து முனை மேலே வரும்படி செங்குத்தாகக் குத்தி முட்டுக் கொடுத்தார். பின்பக்கம் கம்பியைக் கட்டி முடித்ததும் ஊசியை உருவிவிட வேண்டும். கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. மேடவாக்கத்து அபார்ட்மெண்ட் செயலாளர். மோட்டார் போய்விட்டதாம், நாற்பது வீட்டுக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லையாம், லாரிக்காரன் ஃபோனையே எடுக்கவில்லையாம். “சார், உங்களை விட்டா ஆளில்ல” என்று கெஞ்சினார். தயாளன் வளையத்தைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய், எந்த மோட்டார், எத்தனை அடி, சுவிட்சைப் போட்டால் என்ன சத்தம் வருகிறது என்று பத்து நிமிஷம் விசாரித்தார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வளையம் ஞானஜோதியின் மடியில் இருந்தது.

சோபாவில் துழாவி அவளே எடுத்திருக்கிறாள். முகம் மேலே நிமிர்ந்திருந்தது. விரல்கள் பூவின் மேல் போய்க்கொண்டிருந்தன.

“முடிச்சிட்டு என்கிட்ட மறைச்சு வெச்சிருக்கீங்க பாத்தீங்களா!” என்றாள் சிரித்துக்கொண்டே. “அஞ்சு மாசமா மனுஷன் உயிரை விட்டதுக்கு… அடேயப்பா, இதழ் ஓரத்துல அலை எவ்வளவு நல்லா வந்திருக்கு! சூல்தண்டும் மறக்காம மடக்கிட்டீங்க.”

தயாளனுக்கு அந்த நொடியில் பெருமைதான் வந்தது. ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் விரல் அலை அலையான ஓரத்தில் இல்லை. இதழுக்கு அடியில், ஃபெல்ட் மேட்டில் இருந்தது. அங்கேதான் ஊசி இருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி அதன் மேல் ஏறி இறங்கியது. திரும்பவும் ஏறி இறங்கியது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“இலையும் அழகு. இதோ, இங்க பற்றுக்கம்பி… சுருள் சுருளா…” என்று விரலை வலப்பக்கம் கொண்டுபோனாள்.

அங்கே பற்றுக்கம்பி இல்லை. இன்னும் தைக்கவே இல்லை. வெறும் வெள்ளைத் துணி. அந்தத் துணியின் மேல் அவள் விரல் போன வழியெல்லாம், அவர் தைக்காத ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

“பத்துக்குப் பத்து” என்றாள் ஞானஜோதி.

பாகற்பூ, எருக்கு, கொன்றை, தட்டான் எல்லாம் தயாளன் மனசில் ஓடின. ஒவ்வொன்றிலும் அவள் பாராட்டியது என்ன? அவளே முதலில் சொல்லிக்கொடுத்ததை. மீதி, அவர் சாப்பிடும்போது தையலைப் பற்றி உளறிவைத்ததை. எந்தப் பூவிலிருந்து விரல் நின்றுபோனது? இந்த வருஷமா, போன வருஷமா? டாக்டர் கேட்பதற்கு முன்பே “கை நல்லா இருக்கு” என்றாளே, அன்றைக்கேவா? மறுபடியும் ஒன்று அவர் கண்ணெதிரில் நடந்து முடிந்திருக்கிறது. மறுபடியும் அவர் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் அவளுக்குக் கேட்கும். அவளிடம் மிச்சமிருப்பது காது ஒன்றுதான்.

மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வளையத்தை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். வலது கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரலின் நுனியில் ரத்தம் முத்து முத்தாகக் கட்டி உருண்டு வந்தது. வேட்டி நுனியால் ஒற்றி, கட்டை விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களையும் சேர்த்துத் தன் இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டார். சர்க்கரைக்காரர்களுக்குச் சின்னக் காயம்கூட எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். மருந்து எடுக்க எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் என்ன மருந்து, யாருக்கு, எதற்கு என்று சொல்ல வேண்டும்.

“என்னங்க, பத்து போட்டும் பேச்சையே காணோம்?”

“ஒண்ணுமில்ல டீச்சர்” என்றார். குரல் சரியாகத்தான் வந்தது. “சந்தோஷம்.”

தன் கை அவர் கைக்குள் இருப்பது மணிக்கட்டுப் பக்கமாக அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தாள்.

“நல்லா இருக்குதே! பட்டப்பகல்ல, கதவைத் திறந்து போட்டுட்டு, இந்த வயசுல கையைப் புடிச்சிகிட்டு… ஹெப்சி வர்ற நேரம். விடுங்க.”

விட்டால் ரத்தம் வரும். தயாளன் விடவில்லை.